பொகவந்தலாவை முகங்கள்

கொழும்புக் கோட்டை நிலையத்தில் பதுளை ரயிலைப் பிடித்தால் ரம்புக்கனை வரும்வரை கடலோரப் புழுக்கம் விடாது. அதன் பிறகுதான் ஏற்றம். கம்பளை, நாவலப்பிட்டி என்று நிலையங்கள் கடக்கக் கடக்க ஜன்னல் கம்பி சில்லிடத் தொடங்கும். வட்டவளைப் பக்கம் மழை பெய்யாத நாள் குறைவு. சாரல் பெட்டிக்குள் வந்து மடியை நனைத்தாலும் யாரும் ஷட்டரை இறக்குவதில்லை. எல்லோருக்கும் வெளியே பார்க்க வேண்டும். ஹட்டன் நிலையம் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே இறங்கி, சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, டிக்கோயா வழியாக நோர்வூட் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

போனது ஓர் உருவப்படப் பயிற்சிப் பட்டறைக்கு. சென்னையிலும் பெங்களூரிலும் இப்படிப்பட்ட பட்டறைகள் மாதத்துக்கு நாலு நடக்கின்றன. மாடலை வரவழைப்பார்கள், விளக்குகளை நிறுத்துவார்கள், ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுப்பார்கள். இதைப் பற்றி நண்பர் சொன்னபோது என்னை இழுத்தது இடம். உலகப் புகைப்பட வரலாற்றில் மனித முகத்தைப் படமெடுத்தவர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் வரிசையில் வரும் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை நோர்வூட்டைத் தாண்டிப் பொகவந்தலாவையில் இருக்கிறது, தேயிலைக்கு நடுவே.

கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். தனிமைக்குத் துணையாக இருக்கட்டும் என்று கொடுத்தது. இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டின் கோழிக்கூண்டை அவர் கண்ணாடி அறையாக்கினார், கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். டென்னிசன், டார்வின், வானியலாளர் ஹெர்ஷல் என்று அக்காலத்துப் பெரியவர்கள் எல்லோரும் அவர் முன் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டுக்கு அவர் வைத்திருந்த பெயரே இலங்கையில் குடும்பத்துக்கு இருந்த கோப்பித் தோட்டத்தின் பெயர். 1875இல் கணவரோடு இலங்கைக்கே குடிபெயர்ந்தார். கோப்பிச் செடியை இலைத்துரு நோய் தின்றுகொண்டிருந்த காலம் அது. 1879 ஜனவரியில் இந்த மலைகளில் இறந்தார். அப்போது ரயில் நாவலப்பிட்டியோடு நின்றுவிடும். நானுஓயாவரை தண்டவாளம் போட்டது 1885இல்தான். நான் ரயிலில் உட்கார்ந்து கடந்த அந்த ஏற்றத்தை, அவர் காலத்தில் வண்டியிலும் குதிரையிலும் கால்நடையாகவும்தான் கடந்திருப்பார்கள்.

பட்டறையை நடத்தியவர் கொழும்பில் நெடுங்காலம் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெண்மணி. தகப்பனார் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பார், சில நேரம் அப்படியே தலைகீழ். யாழ்ப்பாணம், கண்டி, மாத்தறை என்று பல ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். தங்கியது ஒரு பழைய துரை பங்களாவில்.

முதல் பாடத்துக்கு முன் எல்லோருடைய கேமராவையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். கைப்பேசியையும் விடவில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டார். ஒவ்வொருவராக அதில் உட்கார வேண்டும், நான்கு நிமிடம் அசையக் கூடாது, மற்றவர்கள் எதிரே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு கிடையாது.

ஏன் நான்கு நிமிடம் என்று பிறகு விளக்கினார். கேமரன் காலத்தில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, அது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அவர் பயன்படுத்திய தகடுகள் பெரியவை, அறை வெளிச்சமோ குறைவு. அவர் முன் உட்கார்ந்தவர்கள் நிமிடக்கணக்கில் அசையாமல் இருந்தார்கள். அந்த நேரத்தில் முகத்துக்கு என்ன ஆகிறது என்பதை எங்கள் உடம்பிலேயே காட்டிவிட வேண்டும் என்று டீச்சர் நினைத்திருக்கிறார்.

என் முறை வந்தபோது உட்கார்ந்ததும் உதடு தானாகச் சிரித்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் அந்தச் சிரிப்பை வைத்திருக்க முடியவில்லை, கன்னம் வலிக்கிறது. அது இறங்கியபின் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு மூச்சு நினைவுக்கு வந்தது. அதைக் கவனித்தவுடன் அதுவும் ஒழுங்கு கெட்டது. மூன்றாவது நிமிடம் வாக்கில் எதிரே நிற்பவர்கள் மறந்துபோனார்கள். ஜன்னலுக்கு வெளியே யாரோ விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. அதற்குமுன்பும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எழுந்து மற்றவர்களோடு நின்று பார்த்தபோது நான் உள்ளே உணர்ந்தது வெளியே எப்படித் தெரிகிறது என்று புரிந்தது. மாத்தறையிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்தார். பெரிய மீசை, எந்நேரமும் பேச்சு. முதலில் நெஞ்சை நிமிர்த்தி, வகுப்பில் நிற்பதுபோலவே இருந்தார். போகப் போகத் தோள் அரை அங்குலம் இறங்கியது. இடது கண் வலதைவிடச் சிறியது என்பது அப்போதுதான் தெரிந்தது. புருவங்களுக்கு நடுவே இருந்த கோடு தளர்ந்து, வாயின் ஓரம் லேசாகத் திறந்தது. கடைசி நிமிடத்தில் எங்கள் முன் இருந்தவர் வேறு ஆள், எங்களைவிட வயதில் சிறியவர் போன்ற ஒருவர். கையில் கேமரா இருந்திருந்தால் முதல் முப்பது நொடியிலேயே இருபது படம் எடுத்து முடித்திருப்போம். இந்த முகம் வருமுன் நன்றி சொல்லி எழுப்பியிருப்போம்.

உருவப்படத்தில் நான் கற்றவற்றுள் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். கேமராவைப் பார்த்ததும் எவருக்கும் ஒரு முகம் தயாராக வந்து நிற்கும். அது போகும்வரை கூட இருக்க வேண்டும். போனபின் வருவதை எடுக்கலாமா என்று அந்த ஆளிடமே கேட்டாக வேண்டும். இந்த இரண்டாவது பகுதியை நான் அதுவரை எந்தப் பட்டறையிலும் கேட்டதில்லை.

வெளிச்சத்தைப் பற்றிய பாடம் அதே நாற்காலியில் தொடர்ந்தது. டீச்சர் விளக்கு எதுவும் கொண்டுவரவில்லை. நாற்காலியை ஒரு சாண், அரைச் சாண் என்று திருப்பினார். ஜன்னலை நேராகப் பார்த்தால் முகம் தட்டையாகிறது. கொஞ்சம் விலக்கினால் மூக்கின் நிழல் கன்னத்தில் விழுந்து, நிழல் பக்கத்துக் கண்ணின் கீழே ஒரு சின்ன முக்கோணமாக வெளிச்சம் மிஞ்சுகிறது. இன்னும் விலக்கினால் பாதி முகம் இருட்டில் போகிறது. இரண்டு கண்ணிலும் ஜன்னலின் பிரதிபலிப்பு புள்ளியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கச் சொன்னார். அந்தப் புள்ளி போய்விட்டால் கண் செத்துவிடும். நிழலை நிரப்ப அவர் பயன்படுத்தியது ஓர் உரச் சாக்கு. ஓரத்தைப் பிரித்து விரித்தால் உட்பக்கம் வெள்ளை. மடியில் வைத்தால் தாடைக்குக் கீழே போதுமான வெளிச்சம் கிடைக்கிறது. தோட்டத்தில் எந்த வீட்டிலும் கேட்டால் ஒன்று தருவார்கள்.

நிறத்தைப் பற்றி டீச்சர் பேசியபோது குரல் உயர்ந்தது. எனக்கும் இது உறைக்கிற விஷயம். கேமராவின் ஒளிமானி உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் என்று நம்பிக்கொண்டு கணக்குப் போடுகிறது. கறுத்த முகம் சட்டகத்தை நிறைத்தால் அதை வெளுக்க வைக்கப் பார்க்கும். நெற்றியிலும் மூக்கிலும் இருக்கும் பளபளப்பு வெந்துபோகும். அதே முகம் வெள்ளைப் பனிமூட்டத்தின் முன் நின்றால் பனியைச் சாம்பலாக்க முயன்று முகத்தைக் கரியாக்கிவிடும். இரண்டு இடத்திலும் மானியை நம்பாமல் முகத்தை மட்டும் அளந்து கையால் அமைக்க வேண்டும். ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். கோடக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல ஆண்டுகளாக இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. பழுப்பின் வேறுபாடுகள் ஃபிலிமில் விழவில்லை என்று சாக்லேட்டையும் மரச்சாமானையும் விளம்பரத்துக்குப் படமெடுத்தவர்கள் குறை சொன்ன பிறகே அதைத் திருத்துவதில் வேகம் வந்தது. நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் மணமகள் முகத்தை வெளுத்து, கழுத்தை மட்டும் அவள் நிறத்திலேயே விட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கறுப்பு முகத்தில் வடிவத்தைக் காட்டுவது பளபளப்புதான். பெரிய, மென்மையான வெளிச்சத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து அந்தப் பளபளப்பைக் கன்ன எலும்பின்மேல் நீளமாக ஓடவிட்டால், எந்த மாவும் தர முடியாத அழகு வரும். மலையகத்துப் பனி இதைச் சும்மா தருகிறது. மேகம் இறங்கிய காலையில் வானம் முழுவதும் ஒரே ஜன்னல்.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, கைப்பேசியில் எடுப்பவர்களுக்காக. முகத்தைச் சப்பையாக்குவதும் மூக்கைப் பெரிதாக்குவதும் லென்ஸ் என்று நினைக்கிறோம். காரணம் தூரம். அரை மீட்டரில் நின்றால் காதைவிட மூக்கு மிகவும் பக்கம், அதனால் பெரிது. ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று உருப்பெருக்கிக் கொள்ளுங்கள், முகம் தன் அளவில் வரும். அதற்குமேல் தள்ளிப்போனால் பேச்சு அறுந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். நாளைத் தேர்ந்ததும் டீச்சர். கொழுந்து நிறுத்துப் பார்த்துத்தான் சம்பளம். அளவு குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். வேலை நாளில் மலையில் ஒரு பெண்ணை நிறுத்திப் படமெடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவள் கூடையிலிருந்து போகிறது. நுவரெலியா சாலையில் இதைப் பார்த்திருக்கிறேன். வேன் நிற்கும், சுற்றுலாக்காரர்கள் இறங்குவார்கள், கூடையோடு நிற்கும் பெண் சிரிப்பார், கையில் சில நோட்டுகள் மாறும், வேன் போய்விடும். அந்தப் படங்கள் உலகமெல்லாம் போகின்றன. நூறு வருடத்துக்கும் மேலாகத் தபால் அட்டைகளிலும் தேயிலைப் பொட்டலங்களிலும் இதே படம்தான். கூடை, சிரிப்பு, பச்சை.

தோட்டத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர்ப் பீலிப் பக்கம் துணி அலசிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் போனேன். ஐம்பதை ஒட்டிய வயது.

"படம் எடுக்கலாங்களா அக்கா?"

"எடுக்கலாம் தங்கச்சி. ஆனா இப்பிடி இல்ல. இருங்க, குளிச்சிட்டு வாரேன்."

அலசலை முடித்து, குளித்து, தலை துவட்டி அவர் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மெரூன் நிறச் சேலை, கொண்டையில் செவ்வந்தி, கையில் தங்க நிற வாட்ச். எங்கள் குழுவில் இருந்த கண்டிக்காரப் பையன் ஒருவன் ஆசையோடு கேட்டான், கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டால் நன்றாக இருக்குமே என்று.

"கூடையோட எம்புட்டு பேர் எடுத்திருக்காங்க தம்பி. ஒரு படம் எங்கிட்ட இல்ல. எடுத்தவங்களே கொண்டு போயிட்டாங்க. கூடைய நாளைக்குத் தூக்கத்தான் போறேன். இன்னைக்கு வேணாம்."

பையன் தலையாட்டினான். அவர் எங்களை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

லயக் காம்பரா என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி. வெளிச்சம் வருவது வாசல் வழியாக மட்டும். உள்ளே அலமாரிக்கு மேலே, சாமிப் படங்களோடு வரிசையாக, மாலை போட்ட ஒரு சட்டம் இருந்தது. அவருடைய அம்மா. முகம் மட்டும் பெரிதாக்கப்பட்டு, புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. பின்னணியில் நீல நிறத்தை யாரோ கணினியில் பூசியிருந்தார்கள். வலது மூலையில், தோளுக்குப் பக்கம், வளைந்த கோடு ஒன்று மங்கலாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தேன். ரப்பர் முத்திரையின் விளிம்பு.

"ஐடென்டிகார்ட்ல இருந்தத பெருசாக்கினது. அம்மாவுக்கு வேற படம் கெடையாது."

நெடுநேரம் அதன் முன் நின்றேன். இந்த மக்களுக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவின் சரித்திரம் அந்த முத்திரை விளிம்பில் இருந்தது. புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து கோப்பியையும் தேயிலையையும் நட்டவர்களின் பேரப்பிள்ளைகளை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று வைத்தார்கள். விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். அக்காவின் அம்மாச்சி முதன்முதலாகக் கேமரா முன் உட்கார்ந்தது அப்படி ஒரு படத்துக்குத்தான் என்றார். நேராகப் பார், காது தெரியட்டும், சிரிக்காதே. மாமா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிக் கூடலூர்ப் பக்கம் போனது. தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டம் போட்டிருந்தது. அங்கும் கொழுந்துதான். புறப்படுமுன் டவுன் ஸ்டூடியோவில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தில் இரண்டு பிரதி போட்டார்களாம். இங்கிருந்தது வெள்ளத்தில் போயிற்று. கூடலூரில் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன். விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன்.

மக்களை அடையாளம் கண்டு பிரிக்க ஒரு வகைப் படம், தேயிலையை விற்க இன்னொரு வகைப் படம். இரண்டிலும் அவர்கள் கேட்டு எடுத்தது ஒன்றுமில்லை. குளித்துவிட்டு வருகிறேன் என்று அக்கா சொன்னதன் கனம் எனக்கு அந்தச் சட்டத்தின் முன்தான் முழுதாக விளங்கியது.

முந்தின இரவு டீச்சர் எங்களுக்கு சேது கெய்ட்டாவின் படங்களைக் காட்டியிருந்தார். மாலி நாட்டின் பமாக்கோவில் 1948இல் ஸ்டூடியோ திறந்தவர். முற்றத்து வெளிச்சம், பூப்போட்ட துணி ஒன்று பின்னணி. வருகிறவர்கள் எடுத்துக்கொள்ள வாட்ச், பேனா, ரேடியோ, ஸ்கூட்டர்கூட வைத்திருந்தார். எப்படித் தோன்ற வேண்டும் என்பதை வந்தவரே முடிவு செய்தார். ஃபிலிம் விலை காரணமாகப் பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் ஷட்டரை அழுத்துவார். அக்காவின் வாட்சைப் பார்த்தபோது கெய்ட்டாவின் படங்கள் நினைவுக்கு வந்தன.

வாசற்படிக்கு உட்பக்கம் ஸ்டூல் போட்டோம். அவர் முகம் வெளியே பார்த்தது, பின்னால் அறை இருட்டாக விழுந்தது. சிக்கல் ஒன்று வந்தது. வாசலில் சிமெண்டுத் தரை. வெயில் அதில் பட்டு மேலே எழும்பி, தாடைக்கும் மூக்குக்கும் அடியில் வெளிச்சம் அடித்தது. டீச்சர் உள்ளே போய்க் கறுப்புக் கம்பளி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து சிமெண்டின் மேல் விரித்தார். அடி வெளிச்சம் போயிற்று. வானத்து ஒளி மட்டும் நெற்றியில் இறங்கி, கன்னம் வழியாக வந்தது. ஜன்னலுக்குச் சாக்கு, வாசலுக்குக் கம்பளி. விலைக்கு வாங்கிய எந்தக் கருவியும் இதைவிட நன்றாகச் செய்திருக்காது.

அவரிடம் சிரிங்க என்று நான் சொல்லவில்லை. வாட்ச் எங்கே வாங்கியது என்று கேட்டேன். மகன் கத்தாரில் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது. ஓடவில்லை, பேட்டரி போடணும், இருந்தாலும் கட்டிக்கொள்கிறார். மகனைப் பற்றிச் சொல்லும்போது பக்கவாட்டில் திரும்பிச் சிரித்தார். எடுத்தேன். பிறகு பேச்சு ஓய்ந்தது. நான் கேமராவை இறக்கவில்லை, அவரும் எழவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி லென்ஸை நேராகப் பார்த்தார். "இப்ப எடுங்க" என்றார்.

எடுத்தவற்றைத் திரையில் காட்டி எது வேண்டும் என்று கேட்டோம். எனக்குப் பிடித்தது சிரித்துத் திரும்பிய படம். கண்ணோரச் சுருக்கம், காதுத் தோட்டில் ஒரு மினுக்கம், எல்லாம் கூடி வந்திருந்தது. அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் நேராக இருப்பதைத் தொட்டார். நம் வீட்டுப் பழைய படங்களில் தாத்தாக்களும் பாட்டிகளும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். சிரிப்பில்லாத நேர்முகத்தை ஸ்டூடியோக்காரனின் வறட்டுத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் நம்மில் பலர். அந்த வாசலில் அது வேறாகத் தெரிந்தது. என்னைப் பார்க்கிறாய் அல்லவா, நானும் உன்னைப் பார்க்கிறேன் என்கிற இருப்பு. பட்டறையின் கடைசியில் சுவரில் ஒட்டியபோது அவர் தேர்ந்த படத்தையே ஒட்டினேன்.

படத்தின் கீழ் என்ன எழுதுவது என்பதையும் அவரவரிடமே கேட்க வேண்டும் என்பது டீச்சரின் விதி. அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை அந்நாட்டின் மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளர்களையும் நாடோடிகளையும் வெள்ளைக் காகிதத்தின் முன் நிறுத்தி எடுத்தபோது, பெயர், தொழில், ஊர், தேதி என்று எழுதிவைத்தார். அதுதான் இங்கும் முறை. அக்கா தன் பெயரைச் சொன்னார். தொழில் என்ற இடத்தில் மாதர் சங்கத் தலைவி என்று போடச் சொன்னார். இந்தத் தோட்டத்துத் தொழிற்சங்கத்தில் அந்தப் பொறுப்பை அவர் பல வருடமாகப் பார்த்துவருகிறார்.

மறுநாள் பொகவந்தலாவை போனோம். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து வளைந்து போகிற சாலை. புனித மேரி ஆலயம் சிறியது. கேமரனும், அவருக்குப் பின் 1880இல் இறந்த கணவரும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். சுற்றிலும் தேயிலைச் சரிவு. டீச்சர் தன் பையிலிருந்து இலங்கையில் கேமரன் எடுத்த படங்களின் அச்சுகளை எடுத்துக் கொடுத்தார். இங்கிருந்த காலத்துப் படங்களில் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. பெரும்பாலும் களுத்துறையில், கடலோர வீட்டில் எடுத்தவை.

அவற்றில் கூலிக்காரர்களும் வேலைக்காரப் பெண்களும் இருக்கிறார்கள். துணிமடிப்பும் நிழலும் கண்களின் கனமும் டென்னிசனுக்குக் கொடுத்த அதே கவனத்தோடு எடுக்கப்பட்டவை. அக்காலத்துக் கொழும்பு ஸ்டூடியோக்கள் இதே மக்களை இன்ன சாதி, இன்ன தொழில் என்று மாதிரி காட்டி விற்றுக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் அவர்களைப் பெரிய முகங்களாகப் பார்த்தாள். அதற்காக அவரை வணங்கத் தோன்றுகிறது. ஆனால் ஹெர்ஷல் ஹெர்ஷல்தான், களுத்துறைக்காரர்கள் களுத்துறைக் குடியானவர்கள் மட்டும்தான். பெயர் இல்லை. 1877இல் அவரைப் பார்க்க வந்த ஓவியர் மேரியான் நார்த் தன் நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். ஒரு மனிதனின் முதுகழகில் கேமரன் மயங்கி, அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் கேட்டாராம். வீட்டில் தோட்டமே கிடையாது. படித்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முதுகுக்காரருக்கு ஒரு பெயர் இருந்தது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கல்லறை முன் நின்று மாத்தறை ஆசிரியர் கேட்டார், அப்படியானால் இவர் நமக்கு ஆசானா இல்லையா என்று. டீச்சர், ஆசான்தான் என்றார். முகத்துக்குக் காத்திருப்பதை இவரிடம் கற்கலாம், மீதியை லயத்தில் கற்கலாம். எனக்கு அது சரியாகப் பட்டது.

ஹட்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் அச்சுப்போட்டுக்கொண்டு மறுபடி லயத்துக்குப் போனபோது ஊரே கூடியிருந்தது. அக்கா தன் படத்தை வாங்கி, பின்பக்கம் எழுதியிருந்ததை ஒருமுறை படித்துவிட்டு, இதே மாதிரி இன்னொன்று கத்தாருக்கு வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுப் பெண், பத்தாம் வகுப்பு படிப்பவள், தன் படத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தர முடியுமா என்று கேட்டாள். நிறத்தைப் பற்றி அத்தனை பேசிய டீச்சர் என்ன செய்வார் என்று பார்த்தேன். அவளை வாசலுக்குக் கூட்டிவந்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். இருந்தாலும் வெள்ளையாத்தான் வேணும் டீச்சர் என்றாள். அதையும் போட்டுக் கொடுக்கச் சொல்லி, எடுத்தபடியே இருப்பதையும் அவளிடமே கொடுத்தார் டீச்சர். யோசித்துப் பார்க்கையில் வேறெப்படியும் செய்திருக்க முடியாது. எது தன் முகம் என்று தீர்மானிக்கிற உரிமை அக்காவுக்கு உண்டென்றால் அவளுக்கும் உண்டு. அந்தத் தீர்மானத்தை அவளுக்குள் எழுதிவைத்தவர்கள் மேல்தான் என் கோபம்.

அதற்குள் எழுபது தாண்டிய தாத்தா ஒருவர் கோட்டு ஒன்றைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தோட்டத் தலைவரின் கோட்டு, இரவல். தன் பாட்டியையும் அப்பாவையும் அடையாள அட்டையிலிருந்து வெட்டித்தான் மாட்டினார்களாம், தனக்கு அப்படி வேண்டாம் என்றார். கோட்டு தோளில் பெரிதாக இருந்தது. அக்கா பின்னால் இரண்டு ஊசி குத்திச் சரிசெய்தார். கம்பளியை மறுபடி சிமெண்டில் விரித்தோம். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம், அதற்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், அப்புறம் கிரிக்கெட் மட்டையோடு நாலு பையன்கள். கடைசி பஸ் போய்விட்டதால் தலைவர் ஓர் ஆட்டோவுக்குச் சொல்லி வைத்தார். அச்சுகளை எடுத்து வந்து சேர்க்கிற பொறுப்பைக் கண்டிப் பையன் ஏற்றுக்கொண்டு, யார் யாருக்கு எந்த அளவு என்று பெயரோடு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.